ஓட்டோ லிலியென்தால்

ஓட்டோ லிலியென்தால் (மே 23, 1848 - ஆகஸ்டு 10, 1896) ஜெர்மனியைச் சேர்ந்த இயந்திரப் பொறியாளரும் வானூர்தித் துறையின் முன்னோடிகளுள் ஒருவரும் ஆவார். பறவைகளின் பறப்பை அளவீடுகள் மூலம் ஆராய்ந்து, அதன் அடிப்படையில் இயந்திரமில்லாத மிதவை வானூர்திகளை வடிவமைத்து, அவற்றில் தாமே பலமுறை பறந்து காட்டியவர். 1891 முதல் 1896 வரை இவர் ஏறத்தாழ 2000 முறை பறந்தார் எனக் கணக்கிடப்பட்டுள்ளது. காற்றைவிட எடை மிகுந்த ஊர்தியில் திரும்பத் திரும்ப வெற்றிகரமாகப் பறந்த முதல் மனிதராக இவர் கருதப்படுகிறார்.

இறக்கை தனது ஏற்றுவிசையைத் திடீரென இழக்கும் நிலையை விமானிகள் ஸ்டால் என்று அழைக்கின்றனர். இந்நிலையால் ஏற்பட்ட விபத்திலேயே லிலியென்தால் உயிரிழந்தார். அவருடைய மரணம் ரைட் சகோதரர்களின் வடிவமைப்பிலும், பின்னாளில் சிறுவிமான ஓட்டிகளுக்கான பயிற்சியிலும் எதிரொலித்த ஒரு சிக்கலை உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தது.

இளமைக் காலம்

லிலியென்தால் அன்றைய பிரஷ்யாவின் பொமரேனியா மாகாணத்தில் உள்ள அங்க்லாம் என்னும் சிறு நகரில் பிறந்தார். தந்தை குஸ்தாவ் ஒரு வணிகர். தாய் கரோலின். இவர்களுக்குப் பிறந்த எட்டுக் குழந்தைகளில் ஓட்டோ, குஸ்தாவ், மரீ ஆகிய மூவர் மட்டுமே வளர்ந்து பெரியவர்களாயினர். 1861ஆம் ஆண்டு தந்தை இறந்தபின் தாயே பிள்ளைகளை வளர்த்தார்.

அங்க்லாமைச் சுற்றியுள்ள புல்வெளிகளில் நாரைகள் மிகுதியாக வாழ்ந்தன. ஓட்டோவும், அவரைவிட ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு இளையவரான தம்பி குஸ்தாவும் பள்ளிப் பருவத்திலேயே அப்பறவைகள் எழும்புவதையும் இறங்குவதையும் கூர்ந்து கவனித்து வந்தனர். நாரை எப்போதும் காற்றை எதிர்த்தே எழும்புகிறது என்பது அவர்கள் அறிந்துகொண்ட முதற் பாடங்களுள் ஒன்று. 1862ஆம் ஆண்டளவில் மெல்லிய மரப்பலகைகளால் இறக்கைகள் செய்து, கைகளில் கட்டிக்கொண்டு சரிவுகளில் ஓடிப் பார்த்தனர். பள்ளித் தோழர்களின் கேலிக்கு அஞ்சி இச்சோதனைகளை இரவில் செய்தனர். அவை வெற்றி பெறவில்லை.

கல்வியும் தொழிலும்

பொட்ஸ்டாமில் உள்ள தொழிற்பள்ளியில் பயின்ற ஓட்டோ, பெர்லினில் உள்ள ஷ்வார்ட்ஸ்கோப்ஃப் இயந்திரத் தொழிற்சாலையில் செயல்முறைப் பயிற்சி பெற்றார். பின்னர் 1867 முதல் 1870 வரை பெர்லின் தொழிற்கல்விக் கழகத்தில் இயந்திரப் பொறியியல் பயின்றார். இக்கழகமே பிற்காலத்தில் பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. 1870இல் தொடங்கிய பிரான்சு-பிரஷ்யப் போரில் தன்னார்வப் படைவீரராகப் பணியாற்றினார்.

போருக்குப் பின் பெர்லினில் இயந்திர வடிவமைப்பாளராக வேலை பார்த்தார். சுரங்கங்களில் பயன்படும் வெட்டு இயந்திரம் ஒன்றுக்கு 1877இல் காப்புரிமை பெற்றார். 1878ஆம் ஆண்டு ஆக்னஸ் ஃபிஷர் என்பவரை மணந்தார். இவர்களுக்கு நான்கு குழந்தைகள் பிறந்தனர்.

சகோதரர்கள் இருவரும் சேர்ந்து குழந்தைகளுக்கான செயற்கைக்கல் கட்டுமானப் பொம்மை ஒன்றை உருவாக்கினர். ஆனால் அதை வணிக அளவில் விற்க அவர்களால் இயலவில்லை. 1880இல் அதன் உரிமையை ஃப்ரீட்ரிஹ் அடால்ஃப் ரிக்டர் என்னும் தொழிலதிபர் விலைக்கு வாங்கினார். நங்கூரக் கற்கள் என்ற பெயரில் அப்பொம்மை உலகெங்கும் விற்பனையானது.

பின்னர் ஓட்டோ உருவாக்கிய பாம்புக்குழாய் நீராவிக் கொதிகலன் அவருக்குப் பொருள் ஈட்டித் தந்தது. வெடிக்கும் அபாயம் குறைவாக இருந்ததால் சிறு பட்டறைகள் இதனை விரும்பி வாங்கின. 1883இல் பெர்லினில் கொதிகலன்களும் நீராவிப் பொறிகளும் செய்யும் சொந்தத் தொழிற்சாலையைத் தொடங்கினார். பறத்தல் ஆய்வுக்கான செலவுகளை இத்தொழிற்சாலையே தாங்கியது. 1890இல் ஆலையின் இலாபத்தில் 25 விழுக்காட்டைத் தொழிலாளர்களுக்குப் பகிர்ந்தளிக்கும் முறையை ஏற்படுத்தினார். உழைக்கும் மக்களும் குறைந்த கட்டணத்தில் நாடகம் பார்க்க வேண்டும் என்று எண்ணிப் பெர்லினில் ஒரு நாடக அரங்கில் பங்குதாரராகவும் சேர்ந்தார். தொழில் உலக மோசடிகளைக் கருவாகக் கொண்ட நாடகம் ஒன்றை எழுதியதுடன் மேடையிலும் நடித்தார்.

பறத்தல் ஆய்வுகள்

1867-68ஆம் ஆண்டுகளில் சகோதரர்கள் இறக்கையடிக்கும் கருவி ஒன்றைச் செய்து, கயிற்றில் எதிர் எடை கட்டித் தொங்கவிட்டுச் சோதித்தனர். கால்களால் மிதித்து இறக்கைகளை இயக்கியபோது மொத்த எடையில் பாதியை மட்டுமே, அதாவது சுமார் 40 கிலோகிராமை மட்டுமே, சற்று நேரம் தூக்க முடிந்தது. மனிதத் தசையின் ஆற்றலை மட்டும் நம்பிப் பறக்க இயலாது என்பதை இச்சோதனை உணர்த்தியது. ஆகவே முதலில் காற்று இறக்கையின்மீது செலுத்தும் விசைகளை அளந்து அறிவது என்று முடிவு செய்தனர். 1873இல் இருவரும் பிரித்தானிய வானூர்தியியல் கழகத்தில் உறுப்பினராயினர்.

காற்றுச் சுரங்கங்கள் பரவலாக இல்லாத அக்காலத்தில், சுழலும் தண்டின் முனையில் சிறிய இறக்கை வடிவங்களைப் பொருத்திச் சுழற்றி, அவற்றின்மீது செயற்படும் விசைகளை அளந்தனர். இறக்கை காற்றோட்டத்துடன் அமைக்கும் கோணம் தாக்குகோணம் எனப்படும். இதனை 0 பாகையில் தொடங்கி 90 பாகை வரை படிப்படியாக மாற்றி, ஒவ்வொரு கோணத்துக்கும் ஏற்றுவிசையும் இழுவிசையும் எவ்வளவு என்று பதிவு செய்தனர். தட்டையான பரப்பைவிட, பறவையின் இறக்கையைப் போல் இலேசாக வளைந்த பரப்பு சிறிய கோணங்களில் மிகுந்த ஏற்றுவிசை தருகிறது என்பது இவ்வாய்வின் முதன்மையான முடிவாகும். இறக்கையின் அகலத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு உயரமுள்ள வளைவு சிறந்தது எனக் கண்டனர்.

இம்முடிவுகளை 1889ஆம் ஆண்டு பறக்கும் கலைக்கு அடிப்படையாகப் பறவைப் பறப்பு என்னும் பொருள்படும் தலைப்பில் ஓட்டோ நூலாக வெளியிட்டார். ஏற்றுவிசையையும் இழுவிசையையும் ஒரே வரைபடத்தில் காட்டும் முறையை இந்நூல் பயன்படுத்தியது. இன்றும் வானூர்திப் பொறியியலில் இவ்வகை வரைபடம் பயன்பாட்டில் உள்ளது. 1911இல் இந்நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்தது.

மிதவை வானூர்திகள்

கோட்பாட்டை நூலில் எழுதியதோடு நில்லாமல், இறக்கையை அணிந்து காற்றில் இறங்கிப் பழகினால்தான் பறத்தலைக் கற்க முடியும் என்பது லிலியென்தாலின் உறுதியான கருத்து. 1891இல் பொட்ஸ்டாமுக்கு அருகில் உள்ள டெர்விட்ஸ் என்னும் ஊரில் ஒரு மேட்டிலிருந்து தாவி 25 மீட்டர் தொலைவு வரை மிதந்தார். 1892இல் பெர்லினின் தெற்கே 80 மீட்டர் வரை பறந்தார். 1893 முதல் பெர்லினுக்கு வடமேற்கே உள்ள ரினோவ் குன்றுகளில் பறந்து, 250 மீட்டர் தொலைவை எட்டினார்.

1894இல் தமது வீட்டுக்கு அருகில் லிஷ்டர்ஃபெல்டே என்னும் இடத்தில் 15 மீட்டர் உயரமுள்ள கூம்பு வடிவ மண்குன்று ஒன்றைக் கட்டுவித்தார். கூம்பு வடிவத்தில் இருந்ததால், காற்று எத்திசையிலிருந்து வீசினாலும் அதனை எதிர்நோக்கி ஓடித் தாவ முடிந்தது. ஊர்தியை வைக்கும் கொட்டகை குன்றின் உச்சியிலேயே அமைந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பெர்லின் மக்கள் இப்பறப்புகளைக் காணத் திரண்டனர். ஓட்டோமார் அன்ஷுட்ஸ் முதலிய ஒளிப்படக் கலைஞர்கள் எடுத்த படங்கள் பல நாடுகளின் இதழ்களில் வெளியாயின. மனிதன் காற்றில் மிதப்பதைப் பொதுமக்கள் கண்ணால் கண்டு நம்புவதற்கு இப்படங்கள் காரணமாயின.

இவருடைய ஊர்திகளின் சட்டகம் வளையும் வில்லோ மரக்கழிகளால் ஆனது. அதன்மீது மெழுகு பூசிய பருத்தித் துணி போர்த்தப்பட்டது. வௌவாலின் இறக்கையைப் போல் மடித்து எடுத்துச் செல்ல முடியும். 1894இல் வடிவமைத்த இயல்பு மிதவை ஊர்தியின் இறக்கை நீளம் 6.7 மீட்டர், பரப்பு 13 சதுர மீட்டர், எடை ஏறத்தாழ 20 கிலோகிராம். இதனை 500 மார்க் விலைக்கு விற்றார். குறைந்தது 9 ஊர்திகளாவது விற்கப்பட்டன. இதனால் உலகில் முதன்முதலாகத் தொடர் முறையில் தயாரித்து விற்கப்பட்ட வானூர்தி என இது கருதப்படுகிறது. இங்கிலாந்தின் பெர்சி பில்ச்சர், உருசிய அறிவியலாளர் நிக்கலாய் ழுக்கோவ்ஸ்கி, அமெரிக்கப் பத்திரிகை அதிபர் வில்லியம் ரண்டால்ஃப் ஹர்ஸ்ட் ஆகியோர் வாங்கியவர்களுள் அடங்குவர்.

கட்டுப்படுத்தும் முறையும் அதன் வரம்பும்

லிலியென்தாலின் ஊர்திகளில் இன்றைய விமானங்களில் உள்ளதுபோல் அசையும் கட்டுப்பாட்டுப் பரப்புகள் கிடையா. முன்கைகளைச் சட்டகத்தில் ஊன்றிக்கொண்டு, இடுப்புக்குக் கீழே உடலைத் தொங்கவிட்டபடி அவர் பறந்தார். கால்களை முன்னே வீசினால் எடை மையம் முன்னே நகர்ந்து ஊர்தியின் மூக்கு தாழும். பின்னே வீசினால் மூக்கு உயரும். இடப்புறமோ வலப்புறமோ வீசினால் அப்பக்க இறக்கை தாழும்.

இம்முறையில் கிடைக்கும் திருத்தும் ஆற்றல் விமானியின் உடல் எடையையும் அவர் உடலை நகர்த்தக்கூடிய தொலைவையும் பொறுத்தது. இறக்கையின் பரப்பு கூடக்கூட இவ்வாற்றல் போதாமற் போகும். வலுவான காற்று வீச்சு ஒன்று ஊர்தியைத் தூக்கினால் ஈடுகொடுப்பது கடினம். லிலியென்தால் இதனை அறிந்திருந்தார். 1895இல் ஈரடுக்கு இறக்கை ஊர்திகளைக் கட்டியதற்கு, இறக்கை நீளத்தைக் கூட்டாமல் பரப்பை மட்டும் கூட்டலாம் என்பது ஒரு காரணமாகும்.

1894ஆம் ஆண்டு விபத்து

இறக்கையின் தாக்குகோணம் கூடும்போது ஏற்றுவிசையும் கூடும். ஆனால் இதற்கு ஓர் எல்லை உண்டு. பெரும்பாலான இறக்கைகளில் ஏறத்தாழ 15 பாகை அளவில், மேற்பரப்பை ஒட்டிச் செல்லும் காற்றோட்டம் பிரிந்து விலகுகிறது. அப்போது ஏற்றுவிசை சரிந்து, இழுவிசை மிகுகிறது. இதுவே ஸ்டால் ஆகும். இயந்திரம் பழுதாவதற்கும் இதற்கும் தொடர்பில்லை. கோணம் எல்லையைத் தாண்டினால் எந்த வேகத்திலும் இது நிகழலாம்.

1894இல் லிலியென்தால் இந்நிலையை நேரடியாகச் சந்தித்தார். உயரத்திலிருந்து மிதந்து வரும்போது அவருடைய உடல் அளவுக்கு மீறிப் பின்னே சாய்ந்த நிலையில் இருந்தது. கைகள் களைத்திருந்ததால் உடலை முன்னே இழுக்க இயலவில்லை. சுமார் 20 மீட்டர் உயரத்தில் ஊர்தியின் மூக்கு மேலும் மேலும் உயர்ந்து, ஊர்தி செங்குத்தாக எழும்பி, ஒரு கணம் நின்று, பின் தலைகீழாகத் தரையை நோக்கிப் பாய்ந்தது. தலையின் இடப்புறத்தில் ஒரு காயம், இடக்கையில் சுளுக்கு ஆகியவற்றுடன் அவர் தப்பினார். ஊர்தியின் முன்புறத்தில் முதன்முறையாக அன்று பொருத்தப்பட்டிருந்த வளைந்த வில்லோ மரக்கழி, தரையில் மோதிய அதிர்ச்சியைத் தாங்கிக்கொண்டது. இவ்விபத்தை மறைக்காமல், நடந்ததை நடந்தபடியே எழுதி வெளியிட்டார் என்பது குறிப்பிடத்தக்கது. ஸ்டால் நிலையைப் பற்றி அதற்கு உட்பட்ட விமானி ஒருவரே எழுதிய மிகப் பழைய பதிவுகளுள் இதுவும் ஒன்றாகும்.

மரணம்

1896 ஆகஸ்டு 9, ஞாயிற்றுக்கிழமை, வெயில் மிகுந்த நாளாக இருந்தது. லிலியென்தால் தமது உதவியாளர் பால் பைலிஹ் என்பவருடன் ரினோவ் குன்றுத் தொடரில் ஷ்டோல்ன் ஊருக்கு அருகில் உள்ள கோல்லன்பெர்க் குன்றுக்குச் சென்றார். அன்றைய முதற்பறப்பு நல்லபடியாக முடிந்தது.

அதன்பின் நிகழ்ந்த பறப்பு ஒன்றில், வெயிலால் சூடேறிய தரையிலிருந்து எழுந்த வெப்பக் காற்று ஊர்தியைத் தூக்கியது. ஊர்தி முன்னேறாமல் காற்றில் நின்றது. லிலியென்தால் கால்களை முன்னே வீசி மூக்கைத் தாழ்த்த முயன்றார். ஆனால் ஏற்றுவிசையை இழந்த ஊர்தி ஏறத்தாழ 15 மீட்டர் உயரத்திலிருந்து தரையில் விழுந்து நொறுங்கியது. மூக்கு தாழ்ந்தபின் வேகம் திரும்பி, இறக்கை மீண்டும் காற்றைப் பற்றிக்கொள்வதற்கு அந்த உயரம் போதுமானதாக இல்லை.

கழுத்தின் மூன்றாம் முள்ளெலும்பு முறிந்திருந்தது. குதிரை வண்டியில் ஷ்டோல்னுக்குக் கொண்டு செல்லப்பட்டு, அங்கிருந்து தொடர்வண்டியில் பெர்லினுக்கு அனுப்பப்பட்டார். பேராசிரியர் எர்ன்ஸ்ட் ஃபொன் பெர்க்மனின் மருத்துவமனையில் ஆகஸ்டு 10 அன்று காலமானார். அப்போது அவருக்கு வயது 48. பெர்லினின் லங்க்விட்ஸ் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

ரைட் சகோதரர்கள் மீதான தாக்கம்

லிலியென்தாலின் மரணச் செய்தி, அமெரிக்காவின் டேட்டன் நகரில் மிதிவண்டிக் கடை நடத்திவந்த வில்பர் ரைட்டின் பழைய ஆர்வத்தை மீண்டும் தூண்டியது. ரைட் சகோதரர்கள் லிலியென்தாலின் அட்டவணைகளைப் பயன்படுத்தித் தம் முதல் மிதவை ஊர்திகளை வடிவமைத்தனர். 1901இல் ஏற்றுவிசை எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்ததால் அட்டவணைகளை ஐயுற்றனர். காற்றுச் சுரங்கம் ஒன்றைக் கட்டி அவ்வாண்டின் இறுதியில் சோதித்தபோது, பிழையின் பெரும்பகுதி நெடுங்காலமாகப் பலரும் பயன்படுத்திவந்த காற்றழுத்த மாறிலி ஒன்றில் இருப்பதையும், லிலியென்தாலின் அளவீடுகள் பெரும்பாலும் சரியானவை என்பதையும் கண்டறிந்தனர்.

கட்டுப்பாட்டைப் பொறுத்தவரை அவர்கள் வேறு வழியை மேற்கொண்டனர். உடலை அசைப்பதற்குப் பதிலாக இறக்கைகளை முறுக்கியும் அசையும் பரப்புகளைக் கொண்டும் ஊர்தியை இயக்கினர். மூக்கை உயர்த்தித் தாழ்த்தும் பரப்பை இறக்கைக்கு முன்னால் வைத்தனர். லிலியென்தாலுக்கு நேர்ந்ததுபோல் தலைகீழாகப் பாய்வதைத் தவிர்ப்பது இதன் நோக்கங்களுள் ஒன்று. 1901இல் வில்பரின் ஊர்தி ஸ்டால் நிலையை அடைந்தபோது, அது தலைகீழாகப் பாயாமல் கிடைமட்டமாகவே தரையில் இறங்கியது. அவர் காயமின்றித் தப்பினார்.

1902இல் அவர்கள் மற்றொரு சிக்கலைச் சந்தித்தனர். ஒரு பக்க இறக்கை தாழ்ந்து, ஊர்தி அப்பக்கமே சுழன்று தரையில் மோதியது. பின்னே நிலையாக இருந்த செங்குத்து வாலை அசையும் சுக்கானாக மாற்றி இதனைத் தீர்த்தனர்.

ஸ்பின் பற்றிய அறிவின் வளர்ச்சி

ஸ்டால் நிலையில் ஊர்தி பக்கவாட்டில் திரும்பவும் செய்தால், ஓர் இறக்கை மற்றதைவிட அதிகமாக ஏற்றுவிசையை இழக்கும். அப்போது விமானம் திருகுபோலச் சுழன்றபடி விழும். இதுவே ஸ்பின் எனப்படும். லிலியென்தாலின் விபத்து ஸ்பின் வகையைச் சேர்ந்ததன்று. ஆயினும் இரண்டுக்கும் தொடக்கம் ஒன்றே.

முதல் ஆண்டுகளில் ஸ்பின்னிலிருந்து மீள வழி இல்லை என்றே பலர் நம்பினர். 1912 ஆகஸ்டு 25 அன்று இங்கிலாந்தில் வில்ஃப்ரட் பார்க் என்னும் கடற்படை அதிகாரி தமது விமானம் சுழன்று விழுந்தபோது, பல வழிகளில் முயன்றபின் சுக்கானைச் சுழற்சிக்கு எதிர்ப்புறமாக மிதித்துத் தரையை அடையுமுன் மீண்டார். 1917இல் இயற்பியலாளர் ஃப்ரெட்ரிக் லிண்டமன் ஃபார்ன்பரோவில் வேண்டுமென்றே விமானத்தை ஸ்பின்னில் செலுத்தி அளவீடுகள் எடுத்தார். ஸ்பின்னின்போது இறக்கை ஸ்டால் நிலையிலேயே இருக்கிறது என்பதும், மீள்வதற்கு முதலில் அந்நிலையை நீக்க வேண்டும் என்பதும் இத்தகைய ஆய்வுகளால் உறுதியாயின.

பெரும்பாலான சிறுவிமானங்களுக்கு இன்று கற்பிக்கப்படும் பொதுவான மீட்பு முறையில், இயந்திர ஆற்றல் குறைக்கப்படும், இறக்கைமுனைக் கட்டுப்பாடுகள் நடுநிலையில் வைக்கப்படும், சுக்கான் சுழற்சிக்கு எதிர்ப்புறம் முழுமையாக மிதிக்கப்படும், பின்னர் கட்டுப்பாட்டுத் தண்டு முன்னே தள்ளப்படும். சுழற்சி நின்றபின் சுக்கானை நடுநிலைக்குக் கொண்டுவந்து மூக்கு மெதுவாக உயர்த்தப்படும். தரை நெருங்கி வரும்போது தண்டைப் பின்னே இழுக்கத் தோன்றுவது மனித இயல்பு. அவ்வாறு இழுத்தால் தாக்குகோணம் மேலும் கூடி நிலைமை மோசமாகும்.

மீட்பு முறை தெரிந்திருந்தாலும் அதற்கு உயரம் தேவை. தரையிறங்குவதற்கு முன் ஓடுபாதையை நோக்கித் திரும்பும் வேளையிலும், புறப்பட்ட உடனே இயந்திரம் நின்று விமானி பின்திரும்ப முயலும் வேளையிலும் அந்த உயரம் கிடைப்பதில்லை. மேலும், சாய்ந்து திரும்பும்போது இறக்கை கூடுதல் சுமையைத் தாங்க வேண்டியுள்ளது. உயரம் குறையாமல் 60 பாகை சாய்ந்து திரும்பும் விமானம், நேராகப் பறப்பதைவிட 41 விழுக்காடு மிகுந்த வேகத்திலேயே ஸ்டால் நிலையை அடையும். இக்காரணங்களால் 1949இல் ஐக்கிய அமெரிக்காவில் தனியார் விமானி உரிமத்துக்கான ஸ்பின் பயிற்சிக் கட்டாயம் நீக்கப்பட்டு, ஸ்டால் நிலையை முன்கூட்டியே உணர்ந்து தவிர்க்கும் பயிற்சிக்கு முதன்மை தரப்பட்டது.

மதிப்பீடு

லிலியென்தாலின் எல்லாக் கருத்துகளும் சரியானவையாக அமையவில்லை. ஊர்தியை முன்செலுத்துவதற்குப் பறவையைப் போல் இறக்கையடிப்பதே ஏற்றது என்று கடைசிவரை நம்பினார். அதற்காகக் கரியமில வாயுவால் இயங்கும் சிறு பொறியுடன் ஊர்திகளையும் கட்டினார். எடை நகர்த்தும் கட்டுப்பாட்டு முறையும் பெரிய விமானங்களுக்குப் பொருந்தவில்லை. எனினும் இம்முறை 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொங்கு மிதவை விளையாட்டில் மீண்டும் உயிர்பெற்றது.

2016இல் ஜெர்மன் விண்வெளி மையம், இயல்பு மிதவை ஊர்தியின் மாதிரி ஒன்றைக் காற்றுச் சுரங்கத்தில் சோதித்தது. ஊர்தி நிலைப்புத்தன்மை உடையது என்றும், மிதமான உயரத்தில் பாதுகாப்பாகப் பறக்கக்கூடியது என்றும் அச்சோதனை காட்டியது.

நினைவுச் சின்னங்கள்

அங்க்லாமில் ஓட்டோ லிலியென்தால் அருங்காட்சியகம் உள்ளது. இவருடைய மூல ஊர்திகள் வாஷிங்டன், லண்டன், மியூனிக், மாஸ்கோ, வியன்னா ஆகிய நகரங்களின் அருங்காட்சியகங்களில் பாதுகாக்கப்படுகின்றன. லிஷ்டர்ஃபெல்டேயில் இவர் அமைத்த குன்று 1932இல் நினைவிடமாக்கப்பட்டது. பன்னாட்டு வானூர்தியியல் கூட்டமைப்பு, மிதவை வானூர்தித் துறையில் சிறந்த சாதனைகளுக்காக 1938இல் லிலியென்தால் பதக்கத்தை நிறுவியது. 1988இல் பெர்லினின் டேகல் விமான நிலையத்துக்கு இவருடைய பெயர் சூட்டப்பட்டது. அந்நிலையம் 2020 நவம்பரில் மூடப்பட்டது.

1989 அக்டோபர் 23 அன்று கிழக்கு ஜெர்மனியின் இன்டர்ஃப்ளூக் நிறுவனத்தைச் சேர்ந்த இல்யூஷின் 62 வகைப் பயணிகள் விமானம் ஒன்று, ஷ்டோல்னில் உள்ள சுமார் 900 மீட்டர் நீளப் புல்தரையில் இறக்கப்பட்டது. அது மீண்டும் பறக்கவில்லை. லிலியென்தாலின் மனைவியின் நினைவாக லேடி ஆக்னஸ் என்று பெயரிடப்பட்ட அவ்விமானம், அவர் விழுந்த குன்றின் அருகே அருங்காட்சியகமாக நிற்கிறது.